மேல்மூச்சு வாங்கும் சீமைமாடு: நோயா, வெயிலா?

கேள்வி: எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். மாடு கன்றை நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். கார்த்திகையில் குழுவில் கடன் வாங்கி, கோலார் பக்கம் போய் எச்.எஃப். கலப்பின மாடு ஒன்று, இரண்டாம் ஈத்து, கன்றோடு பிடித்து வந்தோம். தை வரைக்கும் வேளைக்கு ஏழு லிட்டர் கறந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து இரண்டு வேளையும் சேர்த்தே ஒன்பது லிட்டர்தான். மத்தியானம் வாயைத் திறந்து மேல்மூச்சு வாங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. நெஞ்சுச் சளி என்று சொல்லி ஒருவர் நாலு நாள் ஊசி போட்டார். குணம் தெரியவில்லை. வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள். இப்போது விற்றால் கடனில் பாதிகூட அடையாது. என்ன செய்யட்டும்?
- காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: விற்க வேண்டாம் அம்மா. சித்திரையில் இளைக்கிற மாட்டை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள். முதலில் இது நோயா, வெயிலா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு கைக்கடிகாரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும்.

மாடு நின்றுகொண்டோ படுத்துக்கொண்டோ அமைதியாக இருக்கும்போது, கொஞ்சம் தள்ளி நின்று அதன் பக்கவயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை. மூன்று நாள் எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

சுகமான வேளையில் நிமிடத்துக்கு 20 முதல் 40 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் மாடு சூட்டோடு போராடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 80, 90 போனால் தீவனம் குறையும், பால் குறையும். 120-ஐ ஒட்டி, வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வேகமாக இளைத்துக்கொண்டிருந்த மாடு, வெயில் தணியாமலே திடீரென்று மூச்சைக் குறைத்து, கழுத்தை நீட்டி, ஆழமாக இழுத்து இழுத்து விட்டால் அது தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சோர்ந்துபோய் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம் அது.

இனி நோயைப் பிரித்துப் பார்ப்போம். வெயில் இளைப்பு என்றால் பிற்பகலில் ஏறி, இரவு போகப் போக இறங்கும். கொட்டகையில் வேறு சீமைமாடு இருந்தால் அதுவும் கூடவே இளைக்கும். நோய் என்றால் பெரும்பாலும் ஒரு மாடு மட்டும் இளைக்கும். இருமல், மூக்கில் கெட்டிச் சளி இருக்கும். விடியற்காலையிலும் காய்ச்சல் நிற்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. பிற்பகலில் 103 காட்டி, விடிகாலையில் 101.5-க்கு வந்துவிட்டால் வெயில்தான். விடிகாலையிலும் 104-க்கு மேல் நின்றால் வெயில் மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. வெயில் காலத்தில் கலப்பின மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். மூத்திரம் காப்பி நிறத்தில் போனாலோ, தோளுக்கு முன்னால் நெறிகட்டி வீங்கியிருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருந்தகம் போங்கள். அழைத்துப் போக ஆள் இல்லாவிட்டால் 1962-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். விற்றவரிடம் இந்த மாட்டுக்கு முன்பு கோமாரி வந்ததா என்று கேளுங்கள். கோமாரியிலிருந்து மீண்ட சில மாடுகளுக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி போய்விடும். மிதமான வெயிலுக்கே நாய் மாதிரி இளைக்கும், வெயில் காலத்திலும் முடி உதிராமல் சடைசடையாக வளர்ந்து நிற்கும். அப்படி இருந்தால் நான் கீழே சொல்கிற எதுவும் பாதிதான் பலிக்கும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு வெயில் என்றுதான் படுகிறது. நாலு நாள் ஊசிக்கு அசையாத இளைப்பு, பங்குனி பிறந்ததும் தொடங்கியிருக்கிறது, மத்தியானத்தில் வருகிறது. அதோடு மாடு வந்த வழியையும் பாருங்கள். கோலார் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர். ஓசூரை விட்டு சூளகிரி தாண்டி, மேலுமலையில் இறங்கி கிருஷ்ணகிரி வந்தால் சுமார் 500 மீட்டர்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம், ஆனால் மாட்டுக்கு அது வேறு தேசம். 1824-இல் படைக்குதிரைகளுக்காக வெள்ளைக்காரன் பண்ணை வைக்க இடம் தேடியபோது ஓசூர் மத்திகிரியைப் பிடித்தது சும்மா இல்லை. இன்றைக்கும் அதுதான் மாவட்டக் கால்நடைப் பண்ணை.

பகல் வெயிலில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்பது பெரிதாகத் தோன்றாது. விஷயம் இரவில் இருக்கிறது. எச்.எஃப். மாட்டுக்குச் சுகமான வெப்பம் 5 முதல் 25 டிகிரி செல்சியஸ். பகலில் ஏறிய உடம்புச் சூட்டை மாடு இரவில்தான் வெளியேற்றும். இரவு 20, 21 டிகிரிக்கு இறங்கினால் விடிவதற்குள் கணக்கைத் தீர்த்துவிட்டு அடுத்த பகலைச் சந்திக்கும். மேட்டுப் பகுதியில் சித்திரையிலும் பல இரவுகள் அப்படிக் குளிரும். கீழே உங்கள் பக்கத்தில் நடு இரவிலும் காற்று வெதுவெதுப்பாகவே நிற்கும். நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு, அதன் மேல் நாளைய சூடு. வட்டிக்கு வட்டி மாதிரிதான். அதனால்தான் விடிகாலை ஐந்து மணி எண்ணிக்கையைக் கேட்டேன். மூன்று மணிக்கு 90 இருந்து ஐந்து மணிக்கு 35 ஆகிவிட்டால் மாடு சமாளிக்கிறது. ஐந்து மணிக்கும் 60 என்றால் இரவு போதவில்லை, நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

ஏன் இந்த மாடு மட்டும் இவ்வளவு சிரமப்படுகிறது, பக்கத்து வீட்டு நாட்டுமாடு நிம்மதியாக அசைபோடுகிறதே என்று கேட்பீர்கள். மாட்டின் சூடு பாதி வெளியிலிருந்து வருகிறது, பாதி உள்ளேயே எரிகிறது. மூச்சு விடுவதும் ஒருவகை எரிப்புதான் என்று 1780-களிலேயே பிரான்சில் லவாய்சியே கண்டுபிடித்தார். சின்ன கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து பார்த்தார். மாட்டுக்கு அந்த அடுப்பு இன்னும் பெரியது. தின்ற தட்டும் வைக்கோலும் முதல் வயிற்றில் புளிக்கும்போது சூடு கிளம்பும். தின்று மூன்று நாலு மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். பால் சுரப்பதற்கும் அடுப்பு எரிய வேண்டும். பதினான்கு லிட்டர் கறக்கிற மாடு, இரண்டு லிட்டர் கறக்கிற நாட்டுமாட்டைவிட அதிகம் தின்கிறது, அதிகம் எரிக்கிறது. நாட்டுமாட்டுக்கு வியர்வைச் சுரப்பிகள் அதிகம், தோல் தொங்கி விரிந்திருக்கும், உள்ளடுப்பும் சின்னது. தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பும், மலைப்பகுதிக்கு எச்.எஃப். கலப்பும் என்று இனவிருத்திக் கொள்கை பிரித்து வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓசூர்காரர் கேட்கலாம், நீங்கள் யோசிக்க வேண்டும்.

அடுப்பு கொதிக்கும்போது மாடு இரண்டு காரியம் செய்யும். மூச்சை வேகப்படுத்தி, நுரையீரல் வழியாக ஈரத்தை ஆவியாக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூடு போகும். இரண்டாவது, விறகைக் குறைக்கும். அதாவது தின்பதைக் குறைக்கும். பால் குறைவில் ஒரு பகுதிதான் தின்னாததால் வருவது. மீதிச் சத்தை உடம்பே தன்னைக் குளிர்விக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் பால் குறைகிறதே என்று மத்தியானத்தில் இன்னொரு படி புண்ணாக்கு வைப்பது கொதிக்கிற அடுப்பில் விறகு திணிப்பதுதான்.

இன்னொரு கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிடுவோம். கன்று போட்டு ஐந்து மாதம் ஆகியிருக்கும். வெயில் இல்லாவிட்டாலும் இந்த நேரத்துக்கு ஓரிரு லிட்டர் குறைந்துதான் இருக்கும். அதை வெயில் கணக்கில் எழுதாதீர்கள். மீதி மூன்று நாலு லிட்டரில் எவ்வளவு திரும்ப வரும் என்பது கொட்டகையைப் பொறுத்தது.

உங்கள் கொட்டகை தகர ஷீட்டா, ஆஸ்பெஸ்டாஸா என்று எழுதவில்லை. இந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். கம்பெனி வேலைக்கு ஆண்கள் போய்விட, மேய்ச்சல் நிலம் மனைப்பிரிவாகிவிட, வீட்டுச் சுவரோடு ஒட்டி ஏழடி உயரத்தில் ஷீட் போட்டு மாட்டைக் கட்டிவிடுகிறோம். அந்தக் கூரை மத்தியானத்தில் தோசைக்கல். முடிந்தால் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை மாட்டைப் புளிய மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ மாற்றிக் கட்டுங்கள். மரத்தைவிட நல்ல கொட்டகையை எந்த என்ஜினியரும் இதுவரை கட்டவில்லை. மரம் இல்லாவிட்டால் ஷீட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் தென்னங்கீற்றோ சோளத்தட்டோ பரப்புங்கள். சுவர் பக்கம் அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். மூச்சுக்கு வருகிற காற்றே சூடாக, ஈரமாக இருந்தால் இளைத்தும் பயனில்லை.

தண்ணீர் ஊற்றுவதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். மேலே மெல்லிய பனித்தூறல் மாதிரி தெளித்தால் முடி நுனியில் நின்றுவிடும். அடைத்த கொட்டகையில் ஈரம் ஏறி இன்னும் புழுங்கும். கழுத்து, முதுகு, விலா எல்லாம் தோல் வரைக்கும் நனையும்படி இரண்டு சொம்பு மூன்று சொம்பு ஊற்றி, பிறகு காற்று பட விடுங்கள். ஒரு சாதாரண மின்விசிறி இருந்தால் போதும். பதினைந்து நிமிடம் காய்ந்ததும் மறுபடி ஊற்றலாம். பதினொன்று, ஒன்று, மூன்று மணி என்று மூன்று சுற்று; இரவு எட்டு மணிக்கு மறக்காமல் ஒன்று. இரவுக் கணக்கைத் தீர்க்க அந்தக் கடைசிச் சுற்றுதான் உதவும்.

குடிக்கும் தண்ணீர் ஒரு நாளைக்கு 80 முதல் 100 லிட்டர் வரை கேட்கும். மூன்று வேளை வாளியில் காட்டினால் அவ்வளவு குடிக்காது. எப்போதும் எட்டும் இடத்தில், நிழலில், தொட்டியில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக் கறுப்பு டேங்க் தண்ணீர் மத்தியானத்தில் சுடும், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். மாமியாரிடம் இந்த ஒரு பொறுப்பை மட்டும் கொடுங்கள்.

தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கை இரவுக்கு மாற்றுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு பாகம், பொழுது சாய்ந்தபின் பெரும்பாகம். பகலில் கொஞ்சம் பசுந்தீவனம் போதும். வைக்கோலை அடியோடு நிறுத்தக் கூடாது; நிறுத்தினால் வயிறு புளித்துப் போகும். எச்சில் தரையில் ஒழுகும்போது, வயிற்றுப் புளிப்பை அடக்குகிற சோடாச் சத்தும் சேர்ந்து ஒழுகிவிடுகிறது. அதை ஈடுகட்ட அடர்தீவனத்தில் தினமும் 50 முதல் 100 கிராம் ஆப்ப சோடாவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கலந்து கொடுங்கள். தாது உப்பும் சாதா உப்பும் வழக்கம்போல் இருக்கட்டும்.

வெயில் காலத்தில் சினைப்பருவம் வெளியே தெரியாது. கத்தாது, தாண்டாது, இரவில் வந்து விடிவதற்குள் போய்விடும். அதிகாலையிலும் இரவு படுக்கப் போகும்போதும் ஒருமுறை பாருங்கள். ஊசி போட்ட முதல் ஒரு வாரம் சூடு ஏறினால் கரு நிற்காது, ஆகவே அந்த வாரம் நிழலிலும் தண்ணீரிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மழை விழுந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இருக்க வேண்டாம். 35 டிகிரியில் காற்றில் ஈரப்பதம் 30 சதவிகிதம் என்றால் மாட்டுக்கு எவ்வளவு பாரமோ, 30 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவிகிதம் என்றாலும் ஏறக்குறைய அவ்வளவே பாரம். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் மூச்சின் ஈரமும் வியர்வையும் ஆவியாகாது. ஆவணி, புரட்டாசிப் புழுக்கத்திலும் இளைக்கும். அப்போது தண்ணீரைவிட விசிறிதான் பேசும்.

இதையெல்லாம் பத்து நாள் செய்து, மூச்சைத் தினமும் எண்ணுங்கள். ஐந்து மணி எண்ணிக்கை முதலில் இறங்கும், பால் அதற்குப் பின்னால் மெதுவாக வரும். இறங்கவே இல்லை என்றால், மழைக்குப் பிறகு மாடு தேறி நிற்கும்போது மேட்டுப் பக்கத்து ஆளுக்கு நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் ஊர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்சிக் கலப்புக் கிடேரியாகப் பாருங்கள். கறவை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பங்குனியில் கைவிடாது.

கேள்வி: சூளகிரி அருகே வீட்டோடு நாற்பது கோழி வைத்திருக்கிறேன். வெயில் வந்ததும் முட்டை ஓடு காகிதம் போல் ஆகிவிட்டது. கிளிஞ்சல் போட்டும் பயனில்லை. ஏன்?
- சூளகிரி வாசகர்

பதில்: கிளிஞ்சல் குறை இல்லை, மூச்சுதான் குறை. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. உடம்பு இயல்பிலேயே 106, 107 டிகிரி பாரன்ஹீட்டில் கொதிக்கிற ஜீவன். சூட்டைத் தள்ள அதற்கு இருக்கிற பெரிய வழி வாயைத் திறந்து இளைப்பதுதான். அப்படி இளைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் போய்விடும். முட்டை ஓடு என்பது சுண்ணாம்புச் சத்தும் கரியமில வாயுவும் சேர்ந்து கட்டுகிற சுவர். செங்கல் இருக்கிறது, சாந்து காற்றோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1980-களில் கோழிக்கு வாயு ஏற்றிய சோடாத் தண்ணீரையே குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், ஓடு கெட்டிப்பட்டது. நம்மால் கோலி சோடா வாங்கி ஊற்ற முடியாது. குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் ஆப்ப சோடாவைப் பிற்பகலில் மட்டும் கலந்து வையுங்கள். மண்பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது.

ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டப்படுகிறது. அதனால் கிளிஞ்சலைக் காலையில் போடாமல் சாயங்காலம் தனித் தட்டில் வையுங்கள். தீவனத்தை விடியலிலும் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் கொடுத்து, பத்து மணியிலிருந்து நாலு மணி வரை எடுத்துவிடுங்கள். கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தின்ற வயிற்றோடு இருக்கும் கறிக்கோழிதான் பிற்பகலில் முதலில் சாகும். சூட்டில் தவிக்கிற கோழியைத் துரத்திப் பிடிக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் நேரில் போய்க் கேட்க உங்களுக்கு மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: பட்டுப்புழு வளர்ப்பு மனையில் வெயில் காலத்தில் புழு சீக்கிரம் வளர்ந்து முன்கூட்டியே கூடு கட்டுகிறது. நல்லதுதானே என்று அப்பா சொல்கிறார். ஆனால் கூடு இலேசாக இருக்கிறது.
- கெலமங்கலம் வாசகர்

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி. மாடும் கோழியும் உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்ளப் போராடுகிற ஜாதி. புழு அப்படி இல்லை. மனையின் சூடு எவ்வளவோ அதன் உடம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது இளைக்காது, வியர்க்காது. மனை சூடானால் உள்ளே எல்லாம் வேகமாக ஓடும். பத்து டிகிரி கூடினால் மூச்சும் செரிமானமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளர்ச்சி சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் தின்கிற நாள்கள் குறைகின்றன. தின்றதிலும் பெரும்பங்கு மூச்சிலேயே எரிந்துபோய்விடுகிறது, பட்டுக்கு மிச்சமில்லை. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி சரி. நாலாம், ஐந்தாம் பருவத்துக்கு 24, 25-ஐத் தாண்டவிடக் கூடாது. இளம்புழுவைவிட பெரிய புழுவுக்குக் குளிர்ச்சியும் காற்றும் அதிகம் வேண்டும் என்பதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஈரக் கோணியை ஜன்னலில் தொங்கவிடுங்கள், எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். இலையை அதிகாலையில் பறித்து ஈரத்துணி போட்டு வைத்து, பகலில் குறைத்து, இரவில் அதிகமாகப் போடுங்கள்.

மார்கழியில் உங்கள் பக்கம் குளிருக்குக் கரியடுப்பு மூட்டுவார்கள். மனையை அடைத்துவிட்டு மூட்டினால் புழுவுக்கும் மூச்சு முட்டும், காவல் படுக்கிற உங்களுக்கும் ஆபத்து. புகைபோக்கி வைத்த அடுப்போ மின் ஹீட்டரோ வைத்து, மேல் ஜன்னலை ஒரு சாண் திறந்தே வையுங்கள்.